பினாங்கு நாட்குறிப்பு: அஞ்சடியில் கடைசி இரவு

ஆறாம் நாள்

நேற்று எதுவும் எழுதவில்லை, எழுத உடம்பில் தெம்பு இல்லை. காலை எட்டரைக்கு ஆரம்பித்து இருட்டும்வரை ஒரே வீட்டை அளந்துகொண்டிருந்தோம். கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பழைய வீட்டைத் தரையிலிருந்து கூரை ஓடு வரை அங்குலம் அங்குலமாக அளந்து தாளில் திரும்பக் கட்டுவதுதான் இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கொடுத்த வேலை. கடற்கரை, மலை, மால் எல்லாம் மிச்சம் கிடைக்கிற நேரத்தில்தான். மிச்சம் என்று ஒன்று கிடைத்தால்.

நாங்கள் அளக்கும் வீடு லெபு பாசார் தெருப் பக்கம் ஒரு கடைவீடு. கீழே கடை, மேலே குடித்தனம். முகப்பு பதினேழு அடிதான், பார்த்தால் நம்மூர் வளையல் கடை மாதிரி இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த ஒரு திறப்பு. வெளிச்சமும் காற்றும் மழையும் அது வழியாகத்தான் உள்ளே வரும். சார் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார், நான் "முற்றம் சார்" என்றேன், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்று தலையாட்டினார். சீனர்கள் கட்டிய வீடு, கடைசியாக அதில் கடை வைத்திருந்தவர்கள் தமிழர்கள், உத்தரக் கட்டையில் இன்னும் ஒரு மாவிலைத் தோரண ஆணி இருக்கிறது. அந்த ஆணியையும் வரைந்துவிட்டேன்.

பின்பக்கச் சுவர்தான் பாவம். எப்போதோ யாரோ நல்லது செய்வதாக நினைத்து சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறிய ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதற்கு வழி விடாது. அதனால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. விரலால் தட்டினால் டப்பா சத்தம் கேட்கிறது. ஊருக்குப் போனதும் எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரையும் இப்படித் தட்டிப் பார்க்கப்போகிறேன். அப்பா திட்டப்போகிறார்.

இன்று சாயங்காலம் ஒரு விஷயம். சூலியா தெருவில் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன், எதிரே நாகூர் தர்கா. நான் நாகப்பட்டினத்துக்காரி, ஐந்து மினாரையும் சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவள். இங்கே இருப்பது சின்னது, 1800-களின் தொடக்கத்தில் கட்டியது, நாகூர் ஆண்டவர் நினைவாக. அவர் அடக்கமானது நாகூரில்தான். ஆனால் கடல் தாண்டி வந்து பிழைத்தவர்கள் கும்பிடவும் ஓதவும் ஓர் இடம் வேண்டாமா, அதற்காக இங்கேயும் ஒன்று எழுப்பிக்கொண்டார்கள். சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள். ஒரு கடைக்காரரிடம் நாகப்பட்டினம் என்று சொன்னேன். "அப்படியா, எங்க தாத்தா ஊரு" என்றார். தாத்தா எந்தத் தெரு என்று கேட்டேன், தெரியவில்லை. எனக்கும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை, ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். யாருக்கு என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஏழாம் நாள்

சுருக்கமாக எழுதுகிறேன். லேசர் மீட்டர் சாக்கடையில் விழுந்துவிட்டது.

விழவைத்தது சேலத்துப் பையன். மேலே ஜன்னல் சட்டத்தை அளக்கிறேன் என்று எக்கி நின்றான், கை வழுக்கியது, கீழே அஞ்சடிக்கும், அதாவது வாசலை ஒட்டிய நடைபாதைக்கும், சாலைக்கும் நடுவில் ஓடுகிற ஆழமான மழைநீர்க் கால்வாய். கல்லூரி லேப்பிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த கருவி அது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து மசாலாக் கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கொக்கிக் கம்பி கொண்டுவந்து பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார், ஆனால் அதற்குள் அது தண்ணீர் குடித்துவிட்டது. பிறகு நாள் முழுக்கப் பழைய முறைதான், துணி டேப்பும் தூக்குக்குண்டும்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் போதாதபோது, வாசலில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பிடித்தார். முதல் நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன், எழுதத்தான் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

சாயங்காலம் தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படிகள். தைப்பூசத்துக்குக் காவடியோடு ஏறுகிறார்களாம், நான் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறுவதற்கே நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே நின்று பார்த்தால் தீவு, கடல், அக்கரை எல்லாம் தெரிகிறது. தொடை இன்னும் நடுங்குகிறது, அவ்வளவுதான்.

எட்டாம் நாள், இரவு

மணி இப்போது பன்னிரண்டு அடிக்கப்போகிறது. அம்மாவுக்கு இன்னும் ஒன்பதரைகூட ஆகவில்லை, அதனால் அரைமணிக்கு ஒருமுறை போன் செய்து "பாஸ்போர்ட் எங்க வெச்சிருக்க" என்று கேட்கிறார். பாஸ்போர்ட் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விடிவதற்கு முன் ஆறே காலுக்குக் கிளம்ப வேண்டும், படகுத்துறைக்கு நடை, படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர், ராத்திரி விமானம்.

அறையில் ஆறு பெண்கள், ஆறு பெட்டி, ஒரு தொங்கு தராசு. இரண்டு மணி நேரமாக எடைபோடுவதும் எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக இருக்கிறோம். தேனிப் பெண்ணின் பெட்டியில் மட்டும் மூன்று கிலோ தௌசார் பியா, அதாவது உள்ளே பயறு வைத்த உருண்டை பிஸ்கட். என் பெட்டியில் பாதி இடத்தை அப்பாயி எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, கோடாலித் தைலம். ஒரு டஜன் வாங்கியிருக்கிறேன். அதோடு உப்பில் ஊறின ஜாதிக்காய், அதை யார் சாப்பிடுவார்கள் என்று தெரியவில்லை, பார்க்க நன்றாக இருந்தது.

அப்பாயியின் அப்பா இங்கேதான் இருந்தார். ராஜுலா கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல் அது, சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐம்பது வருடம் போலப் போய்வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் ராஜுலாவில் போன ஒருவர் கதை இருக்கும். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்பதும், ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார் என்பதும்தான் எங்கள் வீட்டில் தெரிந்த செய்தி. அந்தப் பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் என்னிடம் "அவர் இருந்த இடத்தைப் பார்த்துட்டு வா" என்றார்கள். எந்த இடம்? நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சாயங்காலம் போய் நின்றேன், கடல் இருந்தது, கிரேன் இருந்தது, ஒரு போட்டோ எடுத்து வீட்டுக் குழுவில் போட்டேன். அப்பாயி இதயம் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான். எனக்குக் கண்ணீர் எல்லாம் வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்தேன்.

கண்ணீர் வந்தது வேறு இடத்தில். அதைச் சொல்லத்தான் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பூக்கார அக்காவைப் பற்றி. நாங்கள் அளந்த வீட்டின் முன்னால், அஞ்சடியில், அவர் கடை. அஞ்சடி என்பது அவர் சொல்கிற வார்த்தை. மலாயில் காக்கி லிமா, காக்கி என்றால் அடி, லிமா என்றால் ஐந்து. இந்த வரிசை வீடுகள் ஒவ்வொன்றின் முன்னாலும் மாடி கொஞ்சம் முன்னால் நீட்டி, கீழே வெயிலும் மழையும் படாமல் நடக்க ஒரு பாதை விட்டிருப்பார்கள். 1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தை வரைந்தபோது இப்படி ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் பாதை விடவேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சொல்லியிருந்தார், பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் பரவியது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். வீட்டுக்காரர் இடம், ஆனால் ஊருக்கு வழி. எனக்கு அதைப் பார்த்ததும் திண்ணைதான் ஞாபகம் வந்தது. ஆனால் திண்ணையில் வீட்டுக்காரர் உட்காரச் சொன்னால்தான் உட்காரலாம், அஞ்சடியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நாங்கள் அளந்ததில் அது ஐந்தடி இல்லை, ஆறடி ஓரங்குலம். பெயர் மட்டும் ஐந்து.

அந்த ஆறடி ஓரங்குலத்தில் ஒரு மரப் பலகை, இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு முக்காலி, மேலே கம்பியில் தொங்கும் மாலைகள். முதல் நாள் நாங்கள் பன்னிரண்டு பேரும் டேப்பும் ஏணியுமாக வந்து இறங்கியதும் அக்கா முதலில் கேட்டது "பசியாறிட்டீங்களா?" எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நம்மூரில் அதைக் கதைப் புத்தகத்தில்தான் படிப்போம், இங்கே காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் சொல்லும் வார்த்தையே அதுதான். நான் "டிபன் சாப்டாச்சுக்கா" என்றேன், அவர் "டிபனா" என்று சிரித்தார். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று இரண்டு மாதம் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலம் பழகியவள் நான். இங்கே வந்து தமிழில் மாட்டிக்கொண்டேன். அக்கா ரூபாய் என்று நான் சொன்னால் வெள்ளி என்று திருத்துவார். ரப்பர் மரம் என்றால் பால்மரம். நான் ஒரு வாக்கியத்தில் நாலு ஆங்கில வார்த்தை போட்டால் அவர் நாலு மலாய் வார்த்தை போடுவார், இரண்டுக்கும் நடுவில் எப்படியோ பேச்சு நடந்துவிடும். அந்த மலாயிலும் பாதி நம்முடையதுதான் என்று அவர்தான் சொன்னார்: கெடாய் என்றால் கடை, காப்பால் என்றால் கப்பல், கோலாம் என்றால் குளம், மோடால் என்றால் முதல். "எல்லாம் கப்பல்ல வந்ததுதான் லா, நாங்களும்தான்" என்று.

அவர் பிறந்தது கெடா பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் சீவினவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார், கல்யாணமாகித் தீவுக்கு வந்தார். வந்த வீடு இதுதான். நாங்கள் அளக்கும் இதே வீடு. கீழே மாமனார் அச்சகம் வைத்திருந்தாராம், மேலே பதினோரு பேர் குடியிருந்தார்களாம். இதை அவர் சொன்னது ஏழாம் நாள், டேப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினபோது. ஆறு நாள் நாங்கள் அந்த வீட்டுக்குள் தூசி தின்றுகொண்டிருந்தோம், வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது புகுந்த வீடு என்று தெரியாமலே. கேட்கவும் இல்லை. மாடிப் படிக்கட்டில் ஒன்பதாவது படி கொஞ்சம் உயரம் அதிகம், அதை நான் இரண்டு முறை தப்பாக அளந்துவிட்டேன் என்று மூன்றாவது முறை அளந்தேன். அக்கா பார்த்துக்கொண்டே வந்து, "அந்தப் படி அப்படித்தான், எங்க மாமியார் அதுல விழுந்துதான் இடுப்பு போச்சு" என்றார். என் நோட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, படியின் உயரமும் மாமியார் இடுப்பும்.

ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். "வாடகை" என்றார். இது எங்களுக்குப் பாடத்தில் இருந்தது. இங்கே பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 1966-ஆம் வருடத்துச் சட்டம், குடியிருப்பவர்களைத் திடீரென்று கிளப்ப முடியாது, வாடகையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1999 முடிந்ததோடு அது போயிற்று. 2000 பிறந்ததும் வாடகை எகிறியது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பெட்டியைக் கட்டின. எட்டு வருடம் கழித்து, 2008-இல், யுனெஸ்கோ இந்த ஊரை, பினாங்கின் ஜார்ஜ் டவுனை, உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கட்டடங்களுக்காக மட்டும் இல்லை, இத்தனை வகை மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்காகவும்தான். ஒரே தெருவில் 1801-இல் ஆரம்பித்த கப்பித்தான் கெலிங் மசூதி, பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில், ஆங்கிலேயர் மாதா கோயில், ஒரு சந்து தள்ளி 1833-ஆம் வருடத்து மாரியம்மன் என்று எல்லாம் இருக்கிற ஊர் இது. கட்டடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, மனிதர்கள்தான் வண்டியேறிப் போய்விட்டார்கள் என்பதை எங்கள் பாடப் புத்தகம் இரண்டு வரியில் சொல்லும். அக்கா அதையும் சொல்லவில்லை. வாடகை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டேப்பை இழுத்துப் பிடி, தொய்யுது என்றார். புருஷன் செத்தபிறகு பூக்கடை போட்டார். வீட்டுக்காரர் நல்ல மனிதராம், வாசலில் உட்கார விட்டிருக்கிறார். இனி இது ஓட்டல் ஆகப்போகிறது, அப்போது எப்படியோ.

இதில் எனக்கும் சாருக்கும் ஒரு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. கீழ்த்தள வரைபடத்தில் நான் அக்காவின் பலகை, முக்காலி, இரண்டு வாளி, எல்லாவற்றையும் அளவோடு போட்டிருந்தேன். நகர்கிற பொருளை இதில் போடக்கூடாது, அழி என்றார். விதி அதுதான், அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பலகை அங்கே இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. போன மாதம் வைத்த ஏசி பெட்டி சுவரில் ஆணி அடித்திருப்பதால் வரைபடத்தில் வரலாம், இது வரக்கூடாதா? சமர்ப்பிக்கிற தாளில் அழித்துவிட்டேன், மதிப்பெண் வேண்டுமே. அழிக்காத தாள் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

சரி, இன்று ராத்திரி. கடைசிச் சாப்பாடு நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றது, இப்போது கடையில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். பஞ்சிர் என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சோற்றுமேல் வெள்ளமாக ஊற்றுவார்கள், பஞ்சிர் என்றாலே வெள்ளம்தான். எட்டு நாளில் எனக்கு நன்றாக வாயில் வருகிற மலாய் வார்த்தை அது ஒன்றுதான். சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் கடற்கரைத் திடலுக்குப் போனார்கள், பாட்டு, அழுகை, கட்டிப்பிடித்தல், நாலு வருடம் கழித்து மறுபடி இங்கே வருவோம் என்று சத்தியம். வீடியோ பார்த்தேன். நான் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். கடை மூடியிருக்கும் என்று நினைத்தேன், நாளை மறுநாள் ஏதோ கல்யாணமாம், அதற்கான ஆர்டர், இன்னும் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள், மூன்று பேர் கையும் பறக்கிறது. நான் போய் நின்றேன். "வா, உட்காரு" என்று முக்காலியைத் தள்ளினார். உட்கார்ந்தேன். பூவை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணுக்கு எந்த ஊர், மல்லிகை என்ன விலை என்று என்னென்னவோ பேசினோம். சொல்ல வேண்டியதை மட்டும் எப்படி ஆரம்பிப்பது என்று வரவில்லை. அரை மணி போனது. எழுந்து, "சரிக்கா, போயிட்டு வரேன்" என்றேன்.

நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்வோம். சாவு வீட்டைத் தவிர எங்கேயும் போறேன் என்று சொல்ல மாட்டோம். அவரும் தமிழ்தானே, புரியும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு இதையேதான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

"ஆ, வா வா. நாளைக்கு வெள்ளனவே வந்துரு. பிள்ளைங்களுக்கு இட்லி ஊத்திக் கொண்டாரேன், பசியாறிட்டு வேலையப் பாருங்க. ஓட்டல்லயே சாப்புட்டா வயிறு என்னாகும்?" நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "எத்தன பேரு நீங்க?"

பன்னிரண்டு என்றேன்.

வாய் அப்படித்தான் சொன்னது. நாளைக்கு நாங்கள் இல்லை அக்கா என்று சொல்ல வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று சொன்னது. பக்கத்தில் இருந்த பெண் "சாரையும் மேடத்தையும் சேர்த்தா பதினாலு லா" என்றாள். அக்கா, அப்போ அரிசி இன்னும் ஒரு படி போடணும் என்று தனக்குள்ளே கணக்குப் போட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தெருமுனை திரும்பியதும்தான் அழுகை வந்தது, அதுவும் அழுகையா வெட்கமா என்று தெரியவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். நாற்பது அடிகூட இல்லை. போகவில்லை.

அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாவு இந்நேரம் ஆட்டியிருப்பாங்க" என்றாள். இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன் நம்பர் வாங்கவில்லை. எட்டு நாள் ஒருவரோடு உட்கார்ந்து வீட்டின் ஒவ்வொரு கதவுக் கீலையும் அளந்தவள், நம்பர் வாங்கவில்லை. அவர் கடை திறப்பது ஏழு மணிக்கு. இங்கே ஏழு மணிக்குத்தான் விடியவே செய்யும், ஆறு மணிக்கு நடுராத்திரி மாதிரி இருக்கும். 1982-இல் போர்னியோ பக்கத்து மாநிலங்களோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்துக் கடிகாரங்களை எல்லாம் அரைமணி முன்னால் தள்ளிவைத்தார்களாம். அந்த அரைமணி மட்டும் தள்ளாமல் இருந்திருந்தால் நாளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று படுக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. படகும் அதே கடிகாரத்தில்தானே போகும்.

அழிக்காத தாளை எடுத்து வைத்திருக்கிறேன். பலகை, முக்காலி, இரண்டு வாளி இருக்கும் தாள். பின்பக்கம் எழுத ஆரம்பித்து மூன்று முறை நிறுத்திவிட்டேன். பெரிய எழுத்தாக எழுத வேண்டும், அவருக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும். "அன்புள்ள அக்கா" என்பது பள்ளிக்கூடக் கடிதம் மாதிரி இருக்கிறது. "அக்கா, அரிசி ஊற வைக்காதீங்க" என்று எழுதலாம், ஆனால் அவர் படிக்கும்போது இட்லியே வெந்திருக்கும்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அறைத்தோழியும் வருகிறேன் என்கிறாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் முக்கால் அங்குல இடைவெளி இருக்கிறது, மூன்றாம் நாள் அளந்தது, தாள் நுழையும்.